கருக்கின் கூர்மை: எழுத்தாளர் பாமாவின் வாழ்வும் எழுத்தும்



சிதம்பரம் என்றதும் நடராசப் பெருமானை அடுத்து நினைவுக்கு வருபவர் நந்தனார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்து, தில்லைக்கு நாளைப் போவேன் என்று நாள்தோறும் ஏங்கியிருந்த அப்பெருமகனாரைத் திருநாளைப்போவார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வரலாற்றைக் கீர்த்தனைகளாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்துப் பண்ணையடிமையின் துயரை மக்கள் கண்முன் நிறுத்தினார். 20ஆம் நூற்றாண்டில் கே. பி. சுந்தராம்பாளும் தண்டபாணி தேசிகரும் திரைப்படங்களில் நந்தனாராகத் தோன்றிப் பாடினர். சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்காகச் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய கழகமும் நந்தனார் பெயரையே தாங்கியது. இத்துணைப் பேர் நந்தனைப் பற்றிப் பேசினர். நந்தன் தன்னைப் பற்றித் தானே பேசிய சொல் ஒன்றுகூட ஏட்டில் இல்லை. தீயினுள் இறங்கிய வேளையில் அவர் உள்ளம் என்ன எண்ணிற்று என்பதைப் பிறர் வாய்வழியாகவே தமிழுலகம் அறிந்திருக்கிறது.

ஒடுக்கப்பட்டவர் தம் கதையைத் தாமே, அதுவும் தம் வீட்டு மொழியிலேயே சொல்லத் தொடங்கினால் இலக்கியத்தில் என்ன மாற்றம் நேரும்? இவ்வினாவுக்கு விடையாக அமைவது எழுத்தாளர் பாமாவின் வாழ்வும் எழுத்தும் ஆகும்.

கடல் கடந்த மரபு

பாமாவைப் பற்றிக் கூறுமுன், இவ்வகை எழுத்து முன்னரே வேரூன்றிய மற்றொரு நாட்டைக் காண்பது பொருத்தமுடையது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் தம் வரலாற்றை வெளியிட்டார். 1861இல் ஹாரியட் ஜேக்கப்ஸ், அடிமைப் பெண்ணொருத்தி தன் உடைமையாளனிடம் படும் இன்னல்களைப் புனைபெயரில் எழுதினார். சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் வெளியிட்ட புதினம் தென்மாநிலக் கறுப்பின மக்களின் பேச்சு மொழியைத் தயக்கமின்றிக் கையாண்டது. அதற்காகக் கறுப்பின எழுத்தாளர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ரைட்டே அவரைக் கடிந்தார். 1960இல் வறுமையில் இறந்த ஹர்ஸ்டனின் கல்லறைக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் என்னும் இளம் எழுத்தாளர் அவ்விடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டினார். அந்த வாக்கரே 1982இல் எழுதிய புதினத்தில், பள்ளிப் படிப்பு நிரம்பாத பெண்ணொருத்தி தன் கொச்சை மொழியிலேயே கடவுளுக்குக் கடிதங்கள் எழுதுகிறாள். அந்நூல் 1983இல் புலிட்சர் பரிசு பெற்றது. இடையே 1969இல் மாயா ஆஞ்சலோவின் தன்வரலாறு வெளிவந்தது. 1993இல் டோனி மாரிசன் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

இவ்வெழுத்தாளர்கள் நம் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளுக்கு நன்கு அறிமுகமானவர்கள். மாரிசனின் கதைமாந்தர்க்காக மாணவர் கண் கலங்குவதுண்டு. ஆயினும், அம்மாணவருள் ஒருவர் தம் ஊரின் காலனித் தெருவுக்குள் ஒருநாளும் அடியெடுத்து வைக்காதவராகவும் இருக்கக்கூடும். தொலைவில் உள்ளோர் துயருக்கு இரங்குவதற்குச் செலவேதும் இல்லை. அடுத்த தெருவினர் துயரைச் செவிமடுப்பதாயின், அத்துயரில் தம் குடும்பத்திற்கும் பங்குண்டோ என்ற வினா உடன் எழும். பாமாவின் எழுத்து தமிழ் வாசகரை அவ்வினாவின்முன் நிறுத்துகிறது.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1966இல் அமெரிக்காவில் தோன்றிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் பெயரைத் தழுவியே 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியது. அவ்வியக்கத்தோடு மராத்தியில் தலித் கவிதையும் தன்வரலாறும் செழித்தன. அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு 1991இல் கொண்டாடப்பட்டபோது அவ்வலை தமிழகத்திலும் வலுவாக எழுந்தது. பூமணியின் 'பிறகு' 1979லும், சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989லும் வெளிவந்து களம் அமைத்திருந்தன. அச்சூழலில் 1992இல் வெளிவந்த நூல் 'கருக்கு'.

பிறப்பும் இளமையும்

பாமாவின் இயற்பெயர் பாஸ்டினா மேரி பாத்திமா ராணி. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் 1958ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் சூசைராஜ் இராணுவத்தில் பணியாற்றியவர். தாயார் செபஸ்தியம்மா. முன்னோர் காலத்திலேயே கத்தோலிக்க சமயம் தழுவிய பறையர் குடும்பம் அது. 'தலித் பண்பாடு' முதலிய நூல்களால் தமிழாய்வில் புதிய தடம் பதித்தவரும், புதுவையில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவரும், 2024இல் மறைந்தவருமான ராஜ் கௌதமன் இவருடைய தமையனார் ஆவார்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த அழகிய ஊர் புதுப்பட்டி. ஊரின் அழகு அனைவர்க்கும் பொது. தெருக்களோ சாதிக்கொன்றாகப் பிரிந்தவை. அஞ்சல் நிலையமும் பள்ளியும் கடைகளும் மேல்சாதியினர் வாழும் பகுதியில் இருந்தன. பாமாவின் பாட்டியர் நாயக்கர் வீடுகளில் வேலை செய்தனர். தொழுவத்தைக் கூட்டிச் சாணம் அள்ளி முடித்தபின், உயரத்திலிருந்து ஊற்றப்படும் நீரைக் கையேந்திக் குடித்தனர். மிஞ்சிய சோற்றை வாங்கிவந்து பேரப்பிள்ளைகளுக்கு அளித்தனர். அதனைப் பெறுதற்கரிய பேறாகவே அவர்கள் எண்ணினர் என்பதுதான் சிறுமி பாமாவுக்கு விளங்காத புதிராக இருந்தது.

மூன்றாம் வகுப்புப் பயிலும் காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி 'கருக்கு' நூலில் இடம்பெற்றுள்ளது. தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தொங்கவிட்டவாறு கொண்டுசென்று நாயக்கர் ஒருவரிடம் நீட்டுகிறார். அக்காட்சியைக் கண்ட சிறுமிக்குச் சிரிப்பு பொங்குகிறது. வீட்டிற்கு வந்து தமையனாரிடம் கூறிச் சிரிக்கிறாள். தமையனார் சிரிக்கவில்லை. அப்பெரியவர் பறையர் ஆதலின், அவர் தொட்டால் பொட்டலம் தீட்டாகிவிடும் என்பதே காரணம் என விளக்குகிறார். அன்று நின்ற சிரிப்பு ஒரு வாழ்வின் திருப்பமாக அமைந்தது. நகையும் அவலமும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களாக இருப்பதைப் பாமா பின்னாளில் எழுதிய கதைகளிலும் காணலாம்.

கல்வி தந்த ஏற்றமும் இழிவும்

நன்கு படித்து முன்னேறினால் பிறர் தாமாகவே நெருங்கி வருவர் என்று தமையனார் கூறிய அறிவுரையை அச்சிறுமி இறுகப் பற்றிக்கொண்டாள். வகுப்பில் முதலிடம் பெற்றாள், தோழியரும் கிடைத்தனர். ஆயினும், முதலிடம் பெற்றவரையும் சாதி விட்டுவைக்கவில்லை. விளையாடும்போது தென்னை மரத்திலிருந்து ஒரு காய் கீழே விழுந்துவிடுகிறது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் தலைமையாசிரியர் அவளைத் திருடி என்று சாதி சுட்டி இகழ்கிறார். பங்குத் தந்தையிடம் கடிதம் பெற்று வந்த பின்னரே வகுப்பினுள் நுழைய இசைவு கிடைக்கிறது.

தூத்துக்குடியில் கல்லூரியிற் சேர்ந்து கணிதத்தில் பட்டம் பெற்றார் பாமா. கல்லூரி இறுதியாண்டு விருந்துக்கு உடுத்திச் செல்ல நல்லதொரு சேலை இல்லை. ஆதலின் விருந்து முடியும் வரை குளியலறையிலேயே ஒளிந்திருந்தார். எண்களோடு பழகிய அறிவுக்கூர்மையும், ஒரு சேலையின்மையால் ஒளிந்திருக்கும் வறுமையும் ஒருவரிடத்தே குடியிருந்தன. கல்வி சாதியை அழித்துவிடும் என்ற எளிய நம்பிக்கையை இந்நிகழ்ச்சி மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

துறவும் துறவிலிருந்து விடுதலையும்

ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் பள்ளியொன்றில் பணியாற்றிய பாமா, தலித் மாணவியரை ஊக்குவிப்பதில் பேரின்பம் கண்டார். அவர்களுக்காகவே வாழ்வை அளிக்கவேண்டும் என்னும் வேட்கையால் 26ஆம் வயதில் கன்னியர் மடமொன்றிற் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது வேறு. மடத்தில் வாழ்க்கை வசதிகள் நிறைந்திருந்தன. பள்ளியில் பயின்றோர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். ஏழைக் குழந்தைகளுக்கோ கூட்டிப் பெருக்கும் வேலை. வறுமை நோன்பு ஏற்றவர்கள் வறுமையை அறியாது வாழ்ந்தனர் என்பதும், கீழ்ப்படிதல் என்னும் சொல் கேள்வி கேட்போரை அடக்கப் பயன்பட்டது என்பதும் அவர் வருந்திக் கூறும் குற்றச்சாட்டுகள்.

இவ்விடத்தில் தலித் கிறித்தவரின் நிலையைச் சுட்டுதல் வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராயினோர் அதில் இடம்பெறவில்லை. சட்டத்தின் கண்களில் அவர்கள் தலித்துகள் அல்லர். ஊராரின் கண்களிலும், பல இடங்களில் ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும், அவர்கள் தலித்துகளே. இருபுறமும் அறுக்கும் இந்நிலையைத் தமிழில் உள்ளிருந்து எழுதியவர் பாமா.

ஏழாண்டுகளுக்குப் பின், 1992இல், மடத்தை விட்டு வெளியேறினார். கையில் பொருளில்லை; வேலையில்லை; திருமண வாழ்வையும் நாடவில்லை. இளமை கழிந்த நிலையில் எங்கிருந்து தொடங்குவது என்று அறியாத காலம் அது. அந்நிலையில் நண்பர் ஒருவர், இளமை நினைவுகளை எழுதுமாறு தூண்டினார். நூலாக்கும் எண்ணமின்றி, மனப்புண் ஆறவேண்டும் என்றே எழுதத் தொடங்கினார். ஆறு மாத காலத்தில் உருவான அவ்வெழுத்தே 'கருக்கு' ஆயிற்று. மதுரையிலிருந்து அது வெளியிடப்பட்டது.

'கருக்கு' என்னும் தலைப்பு

பனைமட்டையின் இருபுறமும் அரம்போல் அமைந்துள்ள கூரிய விளிம்பே கருக்கு. விறகு பொறுக்கச் செல்லும் சிறுவர் கைகளை அது கீறிக் குருதி வரச்செய்யும். தமிழ் விவிலியத்தில் இறைவார்த்தையை இருமுனை வாளுக்கு ஒப்பிடும் இடத்திலும் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. கரு என்னும் சொல்லோ புதிய உயிரை நினைவூட்டுவது. காயமும் கருவியும் புத்துயிரும் ஒரு சொல்லில் அடங்கிய இத்தலைப்பு நூலின் பொருளுக்கு முற்றிலும் பொருந்துகிறது. வாழ்வு தன்னைக் கீறிய கருக்கையே எழுதுகோலாக மாற்றிக்கொண்டார் ஆசிரியர்.

தமிழில் தலித் ஒருவரால் எழுதப்பட்ட முதல் தன்வரலாறு என்று இந்நூலைக் குறிப்பிடுவோர் பலர். இரட்டைமலை சீனிவாசன் 1939இலேயே 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' எழுதியுள்ளார் ஆதலின் இக்கூற்று திருத்தத்திற்குரியது. எனினும் அது பொதுவாழ்வில் உயர்ந்த தலைவர் ஒருவரின் வரலாறு. சாதனை எதுவும் கூறாமல், தெருவின் வாழ்வையே தன் வாழ்வாகக் கூறிய வகையில் 'கருக்கு' முதன்மை பெறுகிறது. தன்வரலாற்று நூல்கள் பிறப்பு, கல்வி, பணி, வெற்றி என்று ஏறுவரிசையில் செல்வது வழக்கம். 'கருக்கு' அவ்வாறு செல்லாமல், தொழில், விளையாட்டு, திருவிழா, உணவு, மடம் என்று நினைவு இழுக்கும் வழியில் முன்னும் பின்னுமாகச் செல்கிறது. ஒரே நிகழ்ச்சிக்கு மீண்டும் மீண்டும் திரும்புகிறது. ஆறாத புண்ணைக் கை தானாகவே தடவிப் பார்ப்பது போன்ற அமைப்பு இது.

நூலின் மிக உருக்கமான பகுதிகளுள் ஒன்று கல்லறை நிலம் பற்றிய பூசலையடுத்து வருவது. சாலியர் தெருவினருக்கும் பறையர் தெருவினருக்கும் மோதல் எழுகிறது. காவல்துறையினர் பறையர் தெருவினுள் புகுந்து ஆடவர்களை அடித்து இழுத்துச் செல்கின்றனர். எஞ்சியோர் காட்டிலும் மலையிலும் ஒளிகின்றனர். அவ்வேளையில் தெருவில் சிறுவன் ஒருவன் இறந்துவிடுகிறான். தந்தையோ தலைமறைவாக இருக்கிறார். பெண்கள் கூடிச் சூழ்ச்சி செய்து, அவருக்குச் சேலை உடுத்தி முக்காடிட்டு, அழும் பெண்களுள் ஒருவராக அழைத்துவந்து, மகனின் முகத்தை இறுதியாகக் காணச் செய்கின்றனர். ஆடவர் இல்லாத தெருவில் அனைத்துப் பொறுப்பையும் பெண்களே தாங்கிய செய்தியும் இதனால் பெறப்படுகிறது.

மொழி என்னும் உரிமை

'கருக்கு' வெளிவந்தபோது தமிழறிஞர் சிலருக்கு அதன் செய்தியைவிட மொழியே பெருந்தடையாக இருந்தது. கதைமாந்தர் உரையாடலில் மட்டும் பேச்சு வழக்கைக் கையாண்டு, ஆசிரியர் கூற்றை எழுத்து நடையில் அமைப்பது அதுவரை பெரும்பான்மை வழக்கம். மஞ்சக்குப்பம் பெற்றெடுத்த ஜெயகாந்தன் சென்னைச் சேரி மக்களின் பேச்சை இலக்கியத்தில் ஏற்றிப் பெரும்புகழ் பெற்றார். அவர் கதைகளிலும் சேரி மக்கள் தம் மொழியில் பேசுவர். கதையைச் சொல்லும் ஆசிரியர் தம் மொழியில் பேசுவார். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்கிலேயே கதை சொல்லி அவ்வெல்லையைத் தளர்த்தினார். 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் வெளியிட்டார். எனினும், பறைத்தெருப் பெண்களின் பேச்சு ஒரு நூல் முழுவதையும் கூறும் மொழியாக அமைந்தது பாமாவிடத்திலேயே எனலாம்.

தொல்காப்பியப் பாயிரம் அந்நூலை வழக்கு, செய்யுள் இரண்டையும் ஆராய்ந்து எழுந்ததாகக் கூறும். மக்கள் வழங்கும் மொழி இலக்கணத்திற்கு அடிப்படை என்ற உண்மை அங்கேயே ஏற்கப்பட்டுள்ளது. அதே தொல்காப்பியத்தின் மரபியல், வழக்கு எனப்படுவது உயர்ந்தோரைச் சார்ந்தது என்றும் கூறும். உயர்ந்தோர் யாவர் என்பதில்தான் சிக்கல் உள்ளது. அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர் என்று பொருள் கொண்டால் தடையில்லை. பிறப்பால் உயர்ந்தோர் என்று கொண்டால், தமிழ் பேசும் மக்களுள் பெரும்பாலோரின் தமிழ் வழக்கே ஆகாது போய்விடும். பாமாவின் நடையை 'இழிவழக்கு' என்று ஒதுக்கியவர்கள், தம்மையறியாமலே இரண்டாம் பொருளைக் கொண்டவர் ஆவர்.

பாமாவுக்கு எழுத்துத் தமிழ் தெரியாமலில்லை. பட்டம் பெற்றவர், ஆசிரியர், மடத்தில் ஆங்கிலம் கேட்டுப் பழகியவர். வேண்டுமாயின் பாடநூல் நடையில் எழுதியிருக்க முடியும். ஏழாண்டுகள் தாம் பேசாதிருந்த மொழிக்குத் திரும்புவதே விடுதலை என்று உணர்ந்தமையால் அதனைத் தேர்ந்தார். பாட்டி பேசிய மொழியில் பாட்டியின் வாழ்வை எழுதும்போதுதான், பாட்டிக்கும் அந்நூலில் இடமுண்டு. செம்மொழியாக்கினால் அவர் மீண்டும் வாசலில் நிற்க வேண்டியவராவார். ஹர்ஸ்டன் தம் மக்களின் பேச்சை எழுதியமைக்காகப் பெற்ற பழியும், அதே காரணத்தால் பின்னாளில் பெற்ற பெருமையும் இங்கு ஒப்பிட்டு எண்ணத்தக்கன.

சொல்லொன்றில் எத்துணை அதிகாரம் பொதிந்துள்ளது என்பதை 'அண்ணாச்சி' என்னும் சிறுகதை நகைச்சுவையோடு காட்டும். தலித் இளைஞன் ஒருவன் மேல்சாதி நிலவுடைமையாளர் ஒருவரை வழக்கமான 'முதலாளி' என்ற சொல்லால் விளிக்காமல் 'அண்ணாச்சி' என்று விளித்துவிடுகிறான். ஊரே கொதித்தெழுகிறது. ஓர் உறவுமுறைச் சொல்லுக்கே பஞ்சாயத்து கூடுமானால், ஒரு முழு நூலுக்கு எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

'சங்கதி'யும் பின்வந்த நூல்களும்

1994இல் வெளிவந்த 'சங்கதி' பாமாவின் இரண்டாவது நூல். 'கருக்கு' தனியொருத்தியின் குரல் எனின், 'சங்கதி' தெருப் பெண்கள் அனைவரின் குரல். இதில் தொடர்ந்து செல்லும் கதையோ தலைவியோ இல்லை. வெள்ளையம்மாக் கிழவி என்னும் பாட்டி கூறும் செய்திகளும், பேத்தி கேட்கும் வினாக்களும், இடையிடையே குலவையும் பாட்டும் ஒப்பாரியுமாக நூல் நடைபெறுகிறது.

அதில் மாரியம்மாவின் கதை மறக்கவியலாதது. நிலவுடைமையாளர் ஒருவர் அவளிடம் தகாத முறையில் நடக்க முயல்கிறார். அவள் தப்பி ஓடுகிறாள். தன் குற்றம் வெளிப்படுமுன், அவள்மீதே அவர் பழி சுமத்துகிறார். தெரு ஆடவர் கூடிய பஞ்சாயத்தில், உண்மை பலருக்குத் தெரிந்திருந்தும், அவளே குற்றவாளியாக்கப்பட்டுத் தண்டம் விதிக்கப்படுகிறது. மேல்சாதியினரை எதிர்த்தால் வேலை கிடைக்காது, காவல்துறை வரும் என்ற அச்சமே அத்தீர்ப்பின் காரணம். இங்கே பாமா மேல்சாதியினரை மட்டும் குறை கூறி அமையவில்லை. தம் தெருவின் ஆடவரையும் கூண்டில் நிறுத்துகிறார். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி. காட்டில் உழைத்து வந்தபின் வீட்டிலும் அடி. ஆணின் கையிலும் பணக்காரன் கையிலும் சிக்கிய பெண்ணின் நிலையை உள்ளிருந்து எழுதுவதற்குத் துணிவு வேண்டும். கறுப்பின ஆடவரின் வன்முறையை எழுதியமைக்காக ஆலிஸ் வாக்கர் தம் மக்களாலேயே கண்டிக்கப்பட்டது நினைக்கத்தக்கது.

'சங்கதி'ப் பெண்கள் அழுதுகொண்டே இருப்பவர்கள் அல்லர். அடிக்கும் கணவனைத் தெருவே கேட்க வசைமாரி பொழிந்து விரட்டும் இராக்கம்மா அவர்களுள் ஒருத்தி. அவ்வசைகளை ஆபாசம் என்றனர் திறனாய்வாளர் சிலர். நாவைத் தவிர வேறு படைக்கலன் இல்லாத பெண் அதனைக் கொண்டு தன் உயிரைக் காத்துக்கொள்கிறாள் என்ற நோக்கில் பாமா அதனைக் காட்டுகிறார். 1996இல் வெளிவந்த 'கிசும்புக்காரன்' தொகுப்பிலுள்ள பொன்னுத்தாயி, கணவனைப் பிரிந்து, தாலியை விற்றுக் கடை வைத்துப் பிழைக்கிறாள். தாலியைப் பெண்ணின் உயிரினும் மேலாகப் போற்றும் இலக்கிய மரபில் இக்கதை எழுப்பிய அதிர்வு சிறிதன்று.

2002இல் வெளிவந்த 'வன்மம்' புதினம், ஒடுக்கப்பட்ட இரு சாதியினரே ஒருவரோடொருவர் பகைகொண்டு அழிவதையும், அப்பகையால் பயன்பெறுவோர் பிறராக இருப்பதையும், இறுதியில் அவ்விருவரும் ஒன்றுபடுவதையும் கூறுகிறது. 2011இல் வெளிவந்த 'மனுசி', தனித்து வாழும் தலித் பெண்ணொருத்தி வீடு தேடுவது முதல் ஊரார் பேச்சைத் தாங்குவது வரை சந்திக்கும் அன்றாடப் போராட்டங்களை எடுத்துரைக்கிறது. இந்நூல்களுக்கிடையே உத்திரமேரூர்ப் பகுதியில் பள்ளியாசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் பாமா பணியாற்றினார். தம்மைத் திருடி என்று இகழ்ந்த பள்ளிக்கு மாறாக, குழந்தை எதுவும் தலைகுனியாத வகுப்பறையை உருவாக்குவதும் அவர் எழுத்துப் பணியின் மறுபக்கமே ஆகும்.

பழியும் புகழும்

'கருக்கு' வெளிவந்ததும் முதலில் சினம் கொண்டவர்கள் பாமாவின் சொந்த ஊரினரே. தம் வறுமையையும் இழிவையும் உலகறியச் செய்துவிட்டதாக அவர்கள் வருந்தினர். ஏறத்தாழ ஏழு மாதங்கள் அவர் ஊருக்குள் செல்ல இயலவில்லை. பின்னர் அந்நிலை மாறியது. மறைத்து வைத்த வடுவை மகளொருத்தி வெளியில் காட்டும்போது தாய்க்கு முதலில் நாணம் வருவது இயல்பு. அவ்வடுவை ஏற்படுத்தியவரே நாணவேண்டும் என்பது தெளியச் சிறிது காலம் வேண்டும்.

லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 'கருக்கு' நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2000இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்டு விருது பெற்றது. அதன்பின் இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாடுகளிலும் இந்நூல் பாடமாயிற்று. 'சங்கதி' பிரெஞ்சு மொழியிலும் வெளியாகியுள்ளது. மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்தில் ஒரு பகற்பொழுதில் சென்றடையக்கூடிய ஊரின் கதை, தமிழகக் கல்லூரிகள் சிலவற்றிற்கு ஆங்கிலத்தின் வழியாகவே முதலில் வந்து சேர்ந்தது என்பது நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி.

புகழ் வந்தபின்னும் தடைகள் நீங்கவில்லை. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் எழுத்தையும், கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளையும், மகாசுவேதா தேவியின் சிறுகதையையும் நீக்கியது. நாடெங்கும் எழுத்தாளர் அதனைக் கண்டித்தனர். 2024இல் தமிழ்நாடு அரசு பாமாவுக்கு ஔவையார் விருது வழங்கிச் சிறப்பித்தது. அரசர் அவையிலும் ஏழையர் வாசலிலும் ஒரே துணிவோடு பேசிய புலவர் என்று மரபு போற்றும் ஔவையின் பெயரால் அமைந்த விருது அவரைச் சென்றடைந்தது மிகப் பொருத்தமே.

நிறைவாக

பாமாவின் எழுத்தில் குறைகளே இல்லை என்பது கருத்தன்று. சில இடங்களில் கூறியது கூறல் உண்டு. சில இடங்களில் கதை நின்று அறிவுரை மேலோங்குகிறது. இலக்கியத் திறனாய்வு இவற்றைச் சுட்டலாம், சுட்டவும் வேண்டும். ஆனால் எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை முதலில் ஆய்ந்துகொண்டு அளத்தல் வேண்டும். நூல்பிடித்துத் தொங்கும் பொட்டலத்தைத் தொடாமலே பெற்றுக்கொள்வதுபோல், மொழியைத் தொடாமல் கருத்தை மட்டும் பெற்றுக்கொள்ளும் பாராட்டு பாராட்டாகாது.

நந்தனுக்கு நாள் குறித்தவர்கள் பிறர். அவர் எவ்வாறு உள்ளே வரலாம், எதனைக் களைந்துவிட்டு வரலாம் என்று விதித்தவர்களும் பிறரே. பழைய உடலைத் தீயில் நீத்து, வேறு வடிவம் பெற்ற பின்னரே அவருக்குத் தில்லையின் வாயில் திறந்தது. பாமா தம் வடிவத்தையோ மொழியையோ தெருவின் பெயரையோ களையாமல் தமிழிலக்கியத்தினுள் வந்தார். அந்த வருகையின் பொருளை உணர்ந்து வரவேற்பது, தமிழ் வளர்க்க உறுதிபூண்ட ஒவ்வோர் இலக்கிய அமைப்பின் கடமையாகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் வரும் ஆண்டுகளில் ஒரு மாலையேனும் 'கருக்கு' நூலை வாய்விட்டுப் படிக்கும் கூட்டமாக அமைத்துக்கொள்வது நன்று. காதாற் கேட்கும்போதே அதன் தமிழ் விளங்கும். அக்கூட்டம் ஊரின் நடுவே மட்டும் நடவாமல், அதற்கு அப்பாலுள்ள தெருக்களிலும் நடைபெறுமாயின், பாமாவின் எழுத்துக்குச் செய்யும் உண்மையான சிறப்பு அதுவேயாகும்.